எல்லைப்புற மாணவர்க்கான இலக்கியக் கலைச்சொற்கள்: சில ஐயங்கள்

1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரையுள்ள சிற்றூர்களில் இன்றும் இருமொழியும் கலந்தே வழங்குகின்றன. இங்கு இலக்கியம் பயிலும் மாணவன் ஒரே செய்யுளுறுப்புக்கு இரு பெயர்களை எதிர்கொள்கிறான். கலைச்சொல் தொகுப்போர் அவ்விரண்டையும் நிகரெனக் காட்டி அமைவது பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

எதுகையை மலையாளத்தார் துவிதீயாக்ஷரப்பிராசம் என்பர். கேரளவர்மா வலியகோயித் தம்புரானும் அவர்தம் மருமகன் ஏ.ஆர். ராஜராஜவர்மாவும் மாறுபட்டு நின்ற பிராசவாதம் இதுபற்றி எழுந்ததே. ஆயினும், 14ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் லீலாதிலகம் பாட்டின் இலக்கணம் கூறுமிடத்து எதுகை, மோனை என்னும் பெயர்களையே ஆள்கிறது. எனவே, மலையாள மாணவனுக்கும் எதுகை அயற்சொல் அன்று. பொருள் மட்டும் முற்றும் ஒன்றாது. தமிழில் இரண்டாம் எழுத்து ஒன்றுவதோடு முதலெழுத்து அளவொத்தலும் வேண்டும். ஆகவே ‘கட்டு’, ‘காட்டு’ என்பன எதுகையாகா. துவிதீயாக்ஷரப்பிராசமோ இரண்டாம் எழுத்தையே நோக்குவது. வடமொழி யாப்பின்படி அவ்விரு சொற்களின் முதலசையும் குருவே.

விருத்தம் என்பதிலும் இடர் உண்டு. மலையாளத்தில் அது யாப்பு வகை அனைத்துக்கும் பொதுப்பெயர். தமிழில் பாவினம் ஒன்றன் பெயர்.

தற்குறிப்பேற்றத்தில்தான் சிக்கல் மிகுகிறது. இதனை உத்பிரேக்ஷை என்று பெயர்ப்பதே வழக்கம். தண்டியலங்காரத்தின்படி, ஒரு பொருளின் இயல்பான நிகழ்ச்சியை விடுத்துக் கவிஞன் தான் கருதிய காரணத்தை அதன்மேல் ஏற்றுவது தற்குறிப்பேற்றம். நெய்யாறு வளைந்தோடுவதை, கரையிலுள்ள ஊரைப் பிரிய மனமின்றித் திரும்பிப் பார்ப்பதாகக் கூறின் அவ்வணியாம். ராஜராஜவர்மாவின் பாஷாபூஷணம் கூறும் உத்பிரேக்ஷை இதனினும் விரிந்தது. பொதுத்தன்மை பற்றி ஒன்றை மற்றொன்றோ எனக் கருதுவதும் அதனுள் அடங்கும். ஆற்றுமணலை ‘நிலவு உதிர்ந்து கிடப்பதோ’ என்பது மலையாள மாணவனுக்கு உத்பிரேக்ஷை. தமிழ் மாணவன் இங்குத் தற்குறிப்பேற்றம் என எழுதின் ஆசிரியர் மதிப்பெண் தருதல் அரிது. இங்கு ஏற்றப்பட்ட நோக்கமும் இல்லை, காரணமும் இல்லை.

உத்பிரேக்ஷையின் வகைகளுள் ஏதுவைக் கற்பிப்பதே தற்குறிப்பேற்றத்துக்கு மிக நெருங்கியது. ஆதலின் மலையாளத் திறனாய்வைத் தமிழாக்குவோர் மேற்கோள் செய்யுளைப் படித்த பின்னரே சொல்லைத் தேர்தல் வேண்டும். ஏது கற்பிக்கப்பட்ட இடத்தில் தற்குறிப்பேற்றம் என்க. ஏனைய இடங்களில் உத்பிரேக்ஷை என்றே நிறுத்தி, அதன் இலக்கணத்தை ஒரு வரியில் உடன் தருக.