130 லிட்டர் டிக்கியுடன் ஆல்ப்ஸுக்கு: மாஸ்டா எம்எக்ஸ்-5

லண்டன் தெருக்களில் நிற்கும் மாஸ்டா எம்எக்ஸ்-5 கார்களில் பல ஓடித் தேய்வதில்லை, நின்றே தேய்கின்றன. வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமை கூரையை மடக்கிக்கொண்டு ரிச்மண்ட் பூங்கா வரை ஒரு சுற்று. மற்ற நாளெல்லாம் மழையில் குளியல். அப்படிப்பட்ட வண்டியை சுவிட்சர்லாந்து வரை ஓட்டிப் போகலாமா? தாராளமாகப் போகலாம். ஆனால் மீட்டரில் மைல் குறைவாக இருக்கிறதே என்று நம்பிக் கிளம்பக் கூடாது.

1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமானது இந்தக் கார். 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது வண்டி வெளிவந்தது. உலகில் மிக அதிகமாக விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்ற கின்னஸ் சாதனையும் இதற்குத்தான். என்னிடம் இருப்பது நான்காம் தலைமுறையின் 1.5 லிட்டர் பெட்ரோல். 130 குதிரைசக்திக்குச் சற்று மேல், ஆறு கியர், துணிக் கூரை. ஸ்டீயரிங்கை முன்பின் இழுத்து வைக்கும் வசதி 2018 திருத்தத்தில்தான் வந்தது. உயரமானவர்கள் அதற்கு முந்தைய வண்டி வாங்குவதாக இருந்தால் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

முதல் செலவு டயருக்கு. குறைவாக ஓடும் காரில் டயரின் பள்ளம் அப்படியே இருக்கும், ரப்பர் மட்டும் இறுகிப்போயிருக்கும். பக்கவாட்டில் அச்சான கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. பிரிட்டனின் வருடாந்தர வாகனச் சோதனையான எம்ஓடியில் 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் போதும். சொந்தக் காரின் டயரை வயதை மட்டும் காரணம் காட்டித் தள்ளமாட்டார்கள். ஈரமான மலைச்சாலையில் பின்சக்கரம் இழுக்கும் இலகுவான காருக்கு அந்தச் சோதனையில் தேறுவது மட்டும் போதாது. ஏழெட்டு வயதான டயரோடு நான் கிளம்பமாட்டேன், பார்வைக்குப் புதிதாகத் தெரிந்தாலும்.

இன்னொன்று, இந்தக் காரில் ஸ்டெப்னி கிடையாது. ஒரு சிறிய கம்ப்ரஸரும் பஞ்சர் அடைக்கும் திரவப் புட்டியும்தான் கொடுக்கிறார்கள். அந்தத் திரவத்துக்குக் காலாவதித் தேதி உண்டு, படித்துப் பாருங்கள். ஆணி குத்திய ஓட்டையை அது அடைக்கும். பக்கவாட்டில் கிழிந்தால் கைவிரித்துவிடும். பிரெஞ்சு மோட்டார்வேயில் வண்டி நின்றுவிட்டால் நம் காப்பீட்டுக்காரர் அனுப்பும் ஆள் அங்கே வந்து இழுக்க முடியாது. சாலையோர ஆரஞ்சுத் தொலைபேசியில் சொன்னால் அங்கே அனுமதி பெற்றவர்கள்தான் வருவார்கள். அந்த ரசீதை வைத்துப் பிறகு பணத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது பிரேக் திரவம். எல்லோரும் மறப்பது இதைத்தான். வண்டி நின்றாலும் ஓடினாலும் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட்-4 திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய திரவத்துக்கு அதே விதி 155 டிகிரிதான் கேட்கிறது. ரிச்மண்ட் பூங்காவில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. சுவிட்சர்லாந்தின் ஃபுர்க்கா கணவாய் 2,400 மீட்டருக்கு மேல். அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது திரவம் கொதித்தால், மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் மெக்கானிக் காசு பிடுங்கவில்லை.

பேட்டரியைச் சோதித்துவிடுங்கள். துணிக்கூரையின் அடியில், இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள வடிகால் துளைகளையும் பாருங்கள். லண்டன் தெருமரங்களின் இலையும் பஞ்சும் அடைத்தால் மழைநீர் காருக்குள்தான் இறங்கும். பழைய வண்டி வாங்குபவர்கள் பதிவெண்ணைக் கொடுத்து அரசு இணையதளத்தில் எம்ஓடி வரலாற்றை இலவசமாகப் பார்க்கலாம். குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு அடிப்பகுதியை எவ்வளவு தின்றிருக்கிறது என்பது அதில் ஓரளவு தெரிந்துவிடும்.

இனி டிக்கி. 130 லிட்டர். எண்ணைவிட வடிவம்தான் தொல்லை: வாய் சிறுத்து வயிறு பெருத்த பானை போன்றது. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி எதுவும் ஒழுங்காக உட்காராது. துணிப்பை இரண்டு, நடுவில் திணிக்கச் சின்னப் பைகள், அவ்வளவுதான். டாஷ்போர்டில் கிளவ்பாக்ஸே இல்லை. இரு இருக்கைகளுக்கு நடுவே பின்னால் ஒரு சிறிய பெட்டி இருக்கிறது. பிரான்ஸில் எச்சரிக்கை முக்கோணமும் பளிச்சென்ற மேல்சட்டையும் கட்டாயம். மேல்சட்டை கைக்கெட்டும் தூரத்தில், அதாவது டிக்கியில் அல்ல, காருக்குள்ளேயே இருக்க வேண்டும். இடமில்லாத காரில் அதற்கு முதலில் இடம் ஒதுக்குங்கள். பேர்னில் இருக்கும் என் சித்தி, "லண்டன்லேர்ந்து நெய்யும் பால்கோவாவும் எடுத்துட்டு வாடா" என்றார். பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால் பொருள், இறைச்சி கொண்டுபோகத் தடை என்று சொன்னேன். டிக்கியைக் காப்பாற்றிய சட்டம் அது.

ஃபோக்ஸ்டனில் காரை ரயிலில் ஏற்றினால் 35 நிமிடத்தில் கலே. அங்கிருந்து ரேம்ஸ் வழியாகத் தெற்கே. பிரான்ஸில் சுங்கச்சாவடி இயந்திரம் இடப்பக்கம் இருக்கும், நமக்கோ ஸ்டீயரிங் வலப்பக்கம். பக்கத்தில் ஆள் இருந்தால் அவர்தான் காசாளர். தனியாகப் போனால், அந்தத் தாழ்ந்த இருக்கையிலிருந்து பெல்ட்டைக் கழற்றி எட்டி எட்டிப் பணம் கட்ட வேண்டும். பின்னால் நிற்பவர்களின் ஹாரன் கூடுதல் வரவேற்பு. சுவிஸ் மோட்டார்வேக்கு 40 ஃபிராங்க் வரிச்சீட்டு. பிரிட்டன் வண்டி என்பதைக் காட்ட யூகே எழுத்துகள் வேண்டும். பழைய ஜிபி ஸ்டிக்கர் 2021 செப்டம்பரோடு செல்லாமல் போய்விட்டது.

ஓட்டம் எப்படி? மோட்டார்வேயில் சுமார்தான். மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் துணிக்கூரை எழுப்பும் இரைச்சலில் பாட்டும் கேட்காது, பேச்சும் கேட்காது. காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள், விளையாட்டாகச் சொல்லவில்லை. பெட்ரோல் விஷயத்தில் புண்ணியவாளன்: லிட்டருக்கு 15 கிலோமீட்டர் போலக் கொடுக்கிறது, 45 லிட்டர் தொட்டிக்கு அது தாராளம். மலையில் கதை மாறுகிறது. டர்போ இல்லாத இன்ஜின் என்பதால் ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் சக்தியில் பத்தில் ஒரு பங்கு போலக் குறையும். ஃபுர்க்கா உச்சியில் இரண்டாம் கியரை விட்டு மேலே போக மனம் வராது. ஆனால் ஒரு டன் சொச்சம் எடை, இதமான கியர் லீவர், வளைவுக்குள் நுழையும் முன்பே கைக்குத் தெரிந்துவிடும் ஸ்டீயரிங். இவை இருக்கும்போது குதிரைசக்தியை யார் எண்ணுகிறார்கள்?

சின்ன கார் தாங்குமா என்று கேட்பவர்களுக்கு: 1968 நவம்பர் 24 அன்று கிரிஸ்டல் பேலஸிலிருந்து கிளம்பிய லண்டன்–சிட்னி மாரத்தானில் ஜீன் டென்டன் என்பவர் ஓட்டியது இரண்டு இருக்கை எம்ஜிபி. பம்பாய் வரை சாலை, பிறகு கப்பல், மறுபடி சாலை. சிட்னி போய்ச் சேர்ந்தது.

என் தீர்ப்பு: இருவர் மட்டும் போகும் பயணத்துக்கு 1.5 லிட்டரே போதும். 2 லிட்டருக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை டயருக்கும் பிரேக்குக்கும் கொடுங்கள். குழந்தையோ பெற்றோரோ உடன் வருவதாக இருந்தால் இந்தக் காரை மறந்துவிடுங்கள். 1990-களின் முதல் தலைமுறை வண்டி அழகுதான். ஆனால் அவற்றில் பல லண்டனின் யூலெஸ் மாசுக்கட்டுப்பாட்டுத் தரத்துக்கு எட்டாதவை, 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுவதும் ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்ட். ஃபுர்க்கா, கிரிம்செல் கணவாய்கள் பொதுவாக ஜூன் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.