நரி முகத்தில் விழித்தோர்

எதிர்பாராத நன்மை ஒருவனைத் தேடி வந்தால், "இன்று நரி முகத்தில் விழித்தாயோ?" என்று கேட்பது நம் நாட்டு வழக்கு. 1972ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 28ஆம் நாள், அயர்லாந்தின் தலைநகராம் டப்ளினில், குத்துச்சண்டைக்கென எழுப்பப்பட்ட அரங்கிலே கூடியிருந்த மக்கள் உண்மையாகவே நரி முகத்தில் விழித்தனர். நற்பேறு என்று மகிழ்ந்தனரா? இல்லை; திகைத்தனர்!

மேடையிலே ஜெனிசிஸ் என்னும் ஆங்கில இசைக்குழு. பாடியவர் பீட்டர் கேப்ரியல். பாட்டின் இடையே மேடையைவிட்டு மறைந்தார். மீண்டு வந்தபோது, உடலிலே தம் மனைவியின் சிவப்பு உடை. தலையிலே நரியின் தலை! உடன் வாசித்த தோழர்களுக்கும் அவர் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவர்களும் விழித்தனர், அவையும் விழித்தது. கைதட்டல் இல்லை, கூச்சல் இல்லை. அதிர்ச்சி பெற்றெடுத்த அமைதி ஒன்றே அங்கு நிலவியது.

அரை நூற்றாண்டு ஓடி மறைந்தது. அதே பாட்டும், அதே சிவப்பு உடையும், அதே நரித்தலையும் மீண்டும் மேடையேறின. ஏற்றியவர்கள் ஜெனிசிஸ் குழுவினர் அல்லர். கனடா நாட்டு மான்ட்ரியல் நகரிலே 1993ஆம் ஆண்டு தோன்றிய 'தி மியூசிகல் பாக்ஸ்' குழுவினர். அந்த நரி தோன்றிய பாட்டின் பெயரையே தம் குழுவுக்குச் சூட்டிக்கொண்டவர்கள். முன்னவர் இசையை முன்னவர் போலவே நடத்திக் காட்டும் இத்தகையோரை மேனாட்டார் 'டிரிபியூட் பேண்டு' என்பர். காணிக்கைக் குழு என்று நாம் அழைப்போம். இவர்களது மேடையிலே நரித்தலை எட்டிப் பார்த்ததும் என்ன நிகழ்கிறது? திகைப்பா? இல்லை, திருவிழா! ஆரவாரம்! கைதட்டல்!

நரி ஒன்றுதான், அவைகள் இரண்டு. அன்று அமைதி, இன்று ஆரவாரம். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவைத்தான் இக்கட்டுரையிலே அளந்து பார்க்க விழைகிறோம்.

முதலில் இந்த இசையின் வரலாற்றைச் சிறிது காண்போம். 1960களின் இறுதியில் இங்கிலாந்து இளைஞர் சிலர், மூன்று நிமிடத்தில் முடிந்துபோகும் காதற்பாட்டுக்களால் நிறைவு பெறவில்லை. "பாட்டு ஏன் நீளக்கூடாது? தாளம் ஏன் ஐந்திலும் ஏழிலும் நடக்கக்கூடாது? கதையும் நாடகமும் கிதாரோடு ஏன் கைகோக்கக்கூடாது?" என்று கேட்டனர். 1969இல் கிங் கிரிம்சன் குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. ஜெனிசிஸ், யெஸ், பிங்க் பிளாய்ட் என்று அணி வளர்ந்தது. 1972இல் ஜெனிசிஸ் வெளியிட்ட ஒரு பாட்டு மட்டுமே ஏறத்தாழ 23 நிமிடம் ஓடிற்று. பழைய வரம்பை மீறியதால், முன்னோக்கிப் பாய்ந்ததால், முற்போக்கு ராக் என்ற பெயர் அதற்கு வாய்த்தது.

முற்போக்கு! எவ்வளவு பொறுப்பு மிகுந்த சொல்! அச்சொல்லைத் தாங்கிய இசைதான் இன்று ஆண்டும் நாளும் குறித்து, "1974இல் எப்படியோ அப்படியே" என்று விளம்பரம் செய்யப்பட்டு மேடையேறுகிறது. முன்னே போவதற்கென்று பிறந்தது, பின்னே பார்த்து நிற்கிறது. இதனைக் காணும் எவருக்கும் கேலி பிறக்கும். நமக்கும் பிறந்தது, மறைக்கவில்லை. ஆனால் கேலி விரைந்து வரும். தீர்ப்பு மெல்ல வரவேண்டும்.

அந்த அரங்குகளில் நாம் அமர்ந்ததில்லை. கடல் கடந்த அக்காட்சிகளை ஒளிப்பதிவுகளிலேதான் கண்டோம். மேடையை நோக்கியதைவிட, மேடைக்கு முன் இருந்தோரையே மிகுதியும் நோக்கினோம். மூவகை மாந்தரை அங்கே கண்டோம்.

முதல் வகையினர், நினைவைக் கேட்பவர்கள். தலை நரைத்தவர்கள். முதல் சுரம் எழுந்ததும் கண்கள் மூடும், உதடுகள் அசையும், சிலருக்குக் கன்னம் நனையும். அவர்கள் காதிலே விழுவது பாட்டு. நெஞ்சிலே எழுவதோ தம் பதினெட்டாம் வயது. அந்தக் கண்ணீரைப் பழிக்க நமக்கு உரிமை இல்லை. எனினும், அது இசைக்கு அளித்த மதிப்பெண் அன்று; இளமைக்கு எழுதிய மடல்.

இரண்டாம் வகையினர், கணக்குப் பார்ப்பவர்கள். இசைத்தட்டு அவர்களது நெஞ்சிலே அளவுகோலாய் நிற்கிறது. மேடையில் எழும் ஒவ்வொரு சுரத்தையும் அந்தக் கோலால் அளப்பர். ஒத்திருந்தால் மகிழ்ச்சி, ஓர் இழை விலகினால் முகச்சுளிப்பு. ஆடையின் நிறம் சரியா, ஒளிவிளக்கு சரியா என்று சோதிப்பர். கிளி பேசினால் வியக்கிறோம். கிளி சொன்ன பொருளையா வியக்கிறோம்? இவர்களது கைதட்டல் கிளிக்குக் கிடைக்கும் கைதட்டல்.

ஒன்றைக் கூறுவோம். அந்நாளில் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே கேப்ரியல் விந்தைக் கதைகள் சொல்லுவார். ஏன் சொன்னார்? உடனிருந்தோர் பன்னிரு நரம்புக் கிதார்களுக்குச் சுருதி கூட்ட நேரம் பிடித்தது. அவை சலிப்படையாமல் காக்கக் கதை பிறந்தது. இன்று அக்கதைகளும் மீண்டும் சொல்லப்படுகின்றன. அவையும் அவற்றைக் காத்திருந்து கேட்கிறது. தேவை மறைந்தது, வழக்கம் நிலைத்தது! நெருக்கடியில் பிறந்த சொல், சடங்கில் முடிந்தது! காரணம் கேளாத கைதட்டல் ஒரு கலையை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

"பீத்தோவன் மறைந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின, அவர் இசையை இன்றும் வாசிக்கிறார்களே, அதைப் போலி என்பீரோ?" என்று கேட்போர் உளர். நல்ல கேள்வி. பீத்தோவன் விட்டுச் சென்றது இசைக்குறிப்பு. அதற்கு உயிர் தருபவன் வாசிப்பவன். ஒருவன் விரைந்து நடத்துவான், ஒருவன் தாழ்ந்து நடத்துவான். அவை இரண்டையும் ஏற்கும், வாதிடும், வளரும். காணிக்கைக் குழுவின் அவையோ அந்த உரிமையைத் தருவதில்லை. "நீ உன்னைக் காட்டாதே, அவரைக் காட்டு" என்கிறது. திறமை மிக்க கலைஞனுக்கு இதைவிடக் கடுமையான கட்டளை வேறு உண்டோ?

ஆனாலும், வழக்கின் மறுபக்கத்தையும் கேட்டாக வேண்டும்.

1974 நவம்பர்த் திங்களில் ஜெனிசிஸ் குழு, 'தி லாம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே' என்னும் இரட்டை இசைத்தட்டை முழுமையாக மேடையேற்றத் தொடங்கியது. மூன்று திரைகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படவில்லைகள், வாய்க்கருகே ஒலிவாங்கி நெருங்கவும் இடங்கொடாத கொப்புள உடை ஒன்று. அமெரிக்க மண்ணிலே அதனை முதலிற் கண்டோர் அந்தப் பாட்டுக்களை அதற்குமுன் கேட்டதே இல்லை எனலாம். பழகிய பாட்டு எப்போது வரும் என்று காத்திருந்தனர். வந்ததோ புதுமை, மேலும் புதுமை! 1975 மே திங்களோடு பயணம் முடிந்தது. கேப்ரியல் குழுவினின்றும் விலகினார். அந்தக் காட்சி முழுமையாகப் படம் பிடிக்கப்படவே இல்லை. கண்டோர் நினைவில் மட்டும் வாழ்ந்து, அவர்களோடு மறைந்துபோக வேண்டிய படைப்பு அது.

அதை மீட்டவர்கள் மான்ட்ரியல் இளைஞர்கள். ஜெனிசிஸ் குழுவே இசைவு தந்தது. பழைய படவில்லைகளையும் பயன்படுத்தக் கொடுத்தது. தம் தந்தை அந்நாளில் என்ன செய்தார் என்பதைப் பிள்ளைகள் காணட்டும் என்று, கேப்ரியலே தம் மக்களை அழைத்துக்கொண்டு இக்குழுவின் நிகழ்ச்சிக்குச் சென்றார். படைத்தவன் பார்வையாளனாய் அமர்ந்து, தன் இளமையைத் தன் குழந்தைகளுக்கு வேறொருவர் வாயிலாகக் காட்டுகிறான்! இதைப் போலி என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட நம் மனம் துணியவில்லை.

அசல் எது, படி எது என்னும் எல்லையும் நாம் எண்ணும் அளவுக்குத் திண்மையானதன்று. யெஸ் குழுவுக்குப் பாடகர் தேவைப்பட்டபோது, 2008இல் வந்து சேர்ந்தவர் பெனுவா டேவிட். 2012இல் வந்தவர் ஜான் டேவிசன். இருவருமே அதற்குமுன் யெஸ் பாட்டுக்களைப் பாடும் காணிக்கைக் குழுக்களில் இருந்தவர்கள். நேற்றுப் படி, இன்று அசல். பெயர்ப்பலகை மாறியதும் குரல் மாறிவிட்டதா? இல்லை. அவையின் காதுதான் மாறியது. நாம் கேட்பதில் பாதி, பெயரைக் கேட்பது என்னும் கசப்பான உண்மை இங்கே வெளிப்படுகிறது.

"அந்தக் காலத்து அவை மேலானது, இந்தக் காலத்து அவை தாழ்ந்தது" என்று பேசுவோரும் சற்றுப் பொறுக்க வேண்டும். 1977 சூலைத் திங்கள் 6ஆம் நாள், இதே மான்ட்ரியல் நகரின் ஒலிம்பிக் அரங்கிலே பிங்க் பிளாய்ட் பாடியது. ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் திரண்டனர். பட்டாசு வெடித்தனர், கூச்சலிட்டனர், பாட்டைக் கேட்டவர் சிலர், கேளாதவர் பலர். சினம் தலைக்கேறிய ரோஜர் வாட்டர்ஸ், முன்னே நின்ற இரசிகர் ஒருவர்மீது காறி உமிழ்ந்தார். பின்னர் அச்செயலை எண்ணி அவரே வெட்கினார். பாடுவோனுக்கும் கேட்போனுக்கும் இடையே எழுந்துவிட்ட சுவரை எண்ணினார். 1979இல் 'தி வால்' என்னும் படைப்பு வெளிவந்தது. ஆக, அசல் மேடையின்முன் அமர்ந்ததனாலேயே எவரும் நல்ல சுவைஞர் ஆகிவிடவில்லை. பொற்காலம் என்று நாம் புகழ்வதிலும் உமிழ்நீர் கலந்தே இருக்கிறது.

அதே பிங்க் பிளாய்டைப் பின்பற்ற, 1988இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் ஒரு குழு தோன்றியது. 1996இல் டேவிட் கில்மோரின் ஐம்பதாம் பிறந்தநாள் விருந்திலே வாசிக்கும் அளவுக்கு அது உயர்ந்தது. பிங்க் பிளாய்டின் மேடையில் பறந்தது காற்றடைத்த பன்றி. இவர்களோ தம் நாட்டுக்கேற்ப இளஞ்சிவப்புக் கங்காரு ஒன்றை எழுப்பி நிறுத்தினர். கங்காரு எழும்போது அவையிலே சிரிப்பும் எழுகிறது. அந்தச் சிரிப்பு நமக்கு இனிக்கிறது. ஏன்? அளவுகோலைக் கையிலிருந்து நழுவவிட்ட நொடி அது. நினைத்தது வராமல் நினையாதது வந்தபோது பிறந்த சிரிப்பு! டப்ளின் அவையின் திகைப்புக்கு அது தங்கை முறை.

இனி, மூன்றாம் வகையினர். முதன்முறை கேட்பவர்கள். தந்தையின் பக்கத்திலே ஒரு சிறுமி, பாட்டனின் பக்கத்திலே ஒரு பேரன். தந்தை மேடையைப் பார்த்துக் கைதட்டுகிறார். குழந்தையோ கைதட்டவில்லை. வாய் சற்றே திறந்திருக்கிறது, கண்கள் அகன்றிருக்கின்றன. ஆம்! 1972இல் டப்ளின் அவை கொண்டிருந்த முகம் அது. ஆடையை மீட்கலாம், ஒளியை மீட்கலாம், ஒலியையும் மீட்கலாம். வியப்பை மட்டும் எந்தக் குழுவாலும் மீட்க முடியாது. முதன்முறை காணும் ஒருவர் அதை அவைக்குக் கொண்டுவர வேண்டும்.

நாம் பள்ளி ஆசிரியர். ஆண்டுதோறும் அதே வகுப்புக்கு அதே செய்யுளை நடத்துகிறோம். ஐந்தாம் ஆண்டிலேயே நம் நாவு தானாக ஓடத் தொடங்கிவிட்டது. சென்ற ஆண்டு சொன்ன இடத்திலே அதே நகைச்சுவை, நிறுத்திய இடத்திலே அதே நிறுத்தம். ஒருநாள் முன்வரிசை மாணவி ஒருத்தி, "ஐயா, உண்மையாகவா?" என்று கேட்டாள். அந்தச் செய்யுளின் பொருள் அவளை அப்போதுதான் தொட்டது. நமக்குப் பழகிப்போன பாட்டு அவளுக்கு அன்றுதான் பிறந்தது! நாணினோம். அன்றுமுதல், பாடம் நடத்தும்போது நம் நினைவை நோக்குவதில்லை. அவள் முகத்தையே நோக்குகிறோம். காணிக்கைக் குழுக்களைக் கேலி செய்ய எடுத்த பேனா தயங்கியது இதனாலேயே.

ஆகவே நம் தீர்ப்பு இது. படி எடுத்தல் குற்றமன்று. படியை அளந்து பார்ப்பதோடு நின்றுவிடுவதே குற்றம். கணக்குப் பார்க்கும் நண்பர்களே, ஓரிரவேனும் அளவுகோலை வீட்டிலே வைத்துவிட்டு வாருங்கள். அதற்கு ஈடாக, அந்தப் பாட்டைக் கேட்டறியாத ஒருவரை உடன் அழைத்து வாருங்கள். கைதட்டுமுன் அவர் முகத்தை ஒருமுறை பாருங்கள்.

மற்றொன்றும் உண்டு. உங்கள் ஊரின் சிறு மேடையிலே, பெயர் தெரியாத இளைஞர் நால்வர், எவரும் கேட்டிராத ஒன்றை இன்றிரவு வாசித்துக்கொண்டிருக்கக்கூடும். அவர்கள் முன்னே நாற்காலிகள் காலியாக இருக்கக்கூடும். பழைய நரிக்கு அளிக்கும் ஆரவாரத்திலே ஒரு பங்கை அவர்களுக்கும் அளிக்க வேண்டாமா? கேட்பவர் இல்லாமற்போனால் அந்த இளைஞர்கள் கருவிகளை மூட்டைகட்டிவிடுவார்கள். பிறகு ஐம்பதாண்டு கழித்துக் காணிக்கை செலுத்த எது மிஞ்சும்?

நரி முகத்தில் விழித்தவன் பேறு பெற்றவன் என்பது வழக்கு. நரி வரப்போகிறது என்று தெரிந்து விழித்திருப்பவனுக்குக் கிடைப்பது மகிழ்ச்சி. தெரியாமல் விழித்தவனுக்குக் கிடைப்பதோ பேறு.