ஆச்சா கிட்டாரும் கார்த்திகை மாதமும்

மூன்று வாரமாக என் வீட்டு முன்னறையில் ஒரு கிட்டார் கிடக்கிறது. பெரம்பலூர் பக்கத்து நண்பர் ஒருவர் சொந்தமாகச் செய்தது. அவருடைய தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை இடித்தபோது இறங்கிய ஆச்சா உத்திரத்தை அறுத்து, அதிலிருந்து பின்பலகையும் பக்கப் பலகைகளும் எடுத்திருக்கிறார். கொண்டுவந்து வைத்துவிட்டு அவர் சொன்னது ஒன்றுதான்: "நல்லா இருக்குன்னு மட்டும் எழுதிடாதீங்க. அதை எல்லாரும் சொல்லிட்டாங்க."

சரி, எழுதவில்லை. ஆனால் பார்த்ததைச் சொல்லித்தானே ஆகணும். கிட்டாரைத் திருப்பி வைத்துவிட்டு நான் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கருஞ்சிவப்பு, அதற்குள் லேசாக ஒரு ஊதா. ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்து அறுத்த இரண்டு பலகைகளைப் புத்தகம் விரித்த மாதிரி ஒட்டியிருப்பதால், இடப்பக்க ரேகை வலப்பக்கத்தில் கண்ணாடிப் பிம்பமாக நிற்கிறது. பழைய ஆணி இருந்த ஓட்டை ஒன்றை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்திருக்கிறார். உத்திரம் உத்திரமாக இருந்ததற்கு அது ஒண்ணுதான் சாட்சி.

அந்த ஓட்டையிலிருந்து ஆரம்பித்து கீழ் விளிம்பு வரை ஒன்றரைச் சாண் நீளத்துக்கு ஒரு விரிசல். போன அக்கினி நட்சத்திரத்தில், மத்தியானம், வீட்டில் எல்லாரும் படுத்திருக்கும்போது 'டப்'பென்று சத்தம் கேட்டதாம். தேங்காய்தான் விழுந்தது என்று நினைத்தார்களாம்.

"ஆச்சா அப்படித்தாங்க, வெடிக்கும்" என்று தச்சர்கள் சொல்லிவிட்டார்கள். நண்பரும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டார். எனக்கு அதில் சம்மதமில்லை. இந்தக் கிட்டாரில் மரத்தின் குற்றம் கால் பங்கு. மீதி முக்கால் பங்கு அதைச் செய்த முடிவுகளில் இருக்கிறது.

மரத்தின் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆச்சா, தாவரவியலில் ஹார்டுவிக்கியா பினாட்டா, இந்திய மரங்களிலேயே மிகக் கனமானவற்றில் ஒன்று. வைரம் பாய்ந்த துண்டைத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். பச்சையாக அறுத்தால் காய்கிற வேகத்தில் முனைகள் பிளக்கும். இழை அங்கங்கே ஒன்றோடொன்று பின்னிப் போவதால், இழைப்புளி ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகும், இன்னொரு பக்கம் பிய்த்து எடுக்கும். பக்கப் பலகையைச் சூடான குழாயில் வைத்து வளைக்கும்போது நண்பருக்கு இரண்டு பலகை முறிந்துபோயிருக்கிறது.

அப்புறம் ஏன் இந்த மரம்? அவர் பதில்: "நாதஸ்வரம் இதுலதானே செய்றாங்க." உண்மைதான். கொள்ளிடத்தைத் தாண்டி, கும்பகோணம் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை. 2022-இல் அந்த ஊர் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி பாரி நாதஸ்வரத்தைச் செய்து கொடுத்த ஊர். அங்கே தேடுவது புது ஆச்சாவை இல்லை. பழைய வீடுகளை இடிக்கும்போது இறங்குகிற தூண், உத்திரம், சட்டம் இவற்றைத்தான் தேடி வாங்குகிறார்கள். ஐம்பது, நூறு வருஷம் காற்று பட்டுக் காய்ந்த கட்டை. வெடிக்க வேண்டியது எல்லாம் எப்போதோ வெடித்து முடிந்திருக்கும்.

இந்த இடத்தில்தான் நண்பர் தப்பான பாடத்தை எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். "நூறு வருஷ மரம், இனிமே அசையாது" என்பது அவருடைய கணக்கு. மரம் எத்தனை வருஷமானாலும் அசையும். பழைய மரத்தில் உள்ளே இருக்கும் இறுக்கம் தளர்ந்திருக்கும், அவ்வளவுதான். காற்றில் ஈரம் ஏறினால் அகலத்தில் விரியும், இறங்கினால் சுருங்கும்; அந்தப் பழக்கம் போகவே போகாது. நாதஸ்வரத்தில் அது பெரிசாகத் தெரியாததற்குக் காரணம் வேறு. அது கடைந்த உருளை. சுவர் தடிமனானது, எண்ணெய் குடித்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, அதன் குறுக்கே எதுவும் ஒட்டியிருக்காது. தன்னிஷ்டத்துக்கு விரிந்து சுருங்கலாம்.

கிட்டாரின் பின்பலகை அப்படி இல்லை. உள்ளே பார்த்தால் நான்கு குறுக்குச் சட்டங்கள், பலகையின் இழைக்குச் செங்குத்தாக ஒட்டியிருக்கும். மரம் நீளவாக்கில் சுருங்குவது கண்ணுக்குத் தெரியாத அளவுதான், அகலவாக்கில்தான் சுருங்கும். ஆகவே பலகை சுருங்கப் பார்க்கும், சட்டம் விடாது. 40 சென்டிமீட்டர் அகலப் பலகை மழைக்கும் கோடைக்கும் நடுவே ஓரிரண்டு மில்லிமீட்டர் மாறுவது சாதாரணம். அந்த ஓரிரண்டு மில்லிமீட்டருக்கு எங்கேயாவது இடம் கிடைத்தாகணும். கிடைக்காவிட்டால் பலகை தானே ஒரு இடத்தைப் பிளந்துகொள்ளும். இங்கே அந்த இடம் ஆணி ஓட்டை.

எப்போது ஒட்டினீர்கள் என்று கேட்டேன். "தீபாவளி முடிஞ்சு, கார்த்திகை மாசம். அப்பதான் வயல் வேலை கம்மி." அவ்வளவுதான் விஷயம். கார்த்திகையில் நம் ஊரில் உப்பு ஜாடி கசியும், அப்பளம் நமுத்துப் போகும், கதவு நிலையில் பிடிக்கும். பலகை முழுசாக ஈரம் குடித்து விரிந்து நிற்கும் நேரத்தில் குறுக்குச் சட்டத்தை ஒட்டிப் பூட்டியாச்சு. ஆறு மாசம் கழித்து, கல் வெடிக்கும் வெயிலில் அது சுருங்கப் பார்த்திருக்கிறது.

இதையே பங்குனியில் ஒட்டியிருந்தால்? மரம் தன் மிகக் குறுகிய அளவில் இருந்திருக்கும். மழைக்காலத்தில் விரிந்து, பின்பலகை லேசாக வெளியே புடைத்திருக்கும். புடைப்பு அழகில்லை, ஆனால் உயிருக்கு ஆபத்தும் இல்லை. வெளிநாட்டுக் கிட்டார் கையேடுகள் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் கட்டச் சொல்கின்றன, அதற்கென்று தனி அறையும் எந்திரமும் வைத்துக்கொள்ளச் சொல்கின்றன. எழுதியவர்கள் இருக்கும் ஊருக்கு அது சரி. நமக்கு அந்த அறையின் வேலையைப் பங்குனி மாதமே இலவசமாகச் செய்து தருகிறது. இதைச் சொன்னபோது நண்பர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

இரண்டாவது குறை தடிமன். பின்பலகை இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் போதும், இவர் மூன்றரை விட்டிருக்கிறார். வெடித்துவிடுமோ என்ற பயம். ஆனால் தடிமன் கூடினால் மரம் சுருங்கும் அளவு குறையாது. சுருங்கும்போது இழுக்கும் பலம்தான் கூடும். சத்தத்திலும் அது தெரிகிறது. மேல் கம்பிகள் மணி மாதிரி நிற்கின்றன, மூன்றாம் கம்பியை மீட்டிவிட்டு காபி ஆற்றிக் குடிக்கலாம். கீழ்க் கம்பிகளில் அடிவயிற்றிலிருந்து வர வேண்டிய கார்வை இல்லை. தோளில் மாட்டினால் பத்து நிமிஷத்தில் கழுத்து வலிக்கிறது.

மூன்றாவது குறைதான் எனக்கு முக்கியமானது, அவருக்கு வலிக்கக்கூடியதும் அதுதான். அந்தக் கண்ணாடிப் பிம்ப ரேகை. அவ்வளவு அகலமான, தீச்சுவாலை மாதிரி ரேகை கிடைக்க வேண்டுமென்றால் உத்திரத்தைத் தட்டையாக, ஆண்டு வளையங்களைத் தொட்டுக்கொண்டு போகிற மாதிரி அறுக்கணும். அப்படி அறுத்த பலகை, வளையங்களுக்குக் குறுக்கே ஆரவாக்கில் அறுத்த பலகையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். ஆரவாக்கில் அறுத்தால் ரேகை வெறும் நேர்கோடாகத்தான் வரும், பலகையும் குறுகலாகத்தான் கிடைக்கும். குறுகினால் என்ன, நான்கு துண்டாக ஒட்டலாமே? "ஒட்டுப் போட்ட மாதிரி தெரியும்" என்றார்.

தஞ்சாவூர் வீணையிலும் இதே பேச்சு உண்டு. குடம், தண்டி, யாளி மூன்றும் தனித்தனியாகச் செய்து இணைப்பது ஒரு வகை. ஒரே பலாக்கட்டையைக் குடைந்து எடுப்பது ஏகாந்த வீணை. ஏகாந்தத்துக்குத்தான் விலை, அதற்குத்தான் மரியாதை. அவ்வளவு பெரிய ஒற்றைக் கட்டை குறையில்லாமல் கிடைப்பதும், பிளக்காமல் காய்வதும் எவ்வளவு சிரமம் என்பது செய்கிறவர்களுக்குத் தெரியும். ஒட்டு என்றாலே தாழ்வு என்று நாம் ஏன் நினைக்கிறோம் என்று புரியவில்லை. ஒட்டு என்பது பல இடங்களில் மரத்தைப் புரிந்துகொண்டவன் செய்கிற வேலை.

அழகுக்காகத் தட்டையாக அறுத்தது நாதத்துக்கு உதவியதா? 2018-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஒரே வடிவத்தில் ஆறு கிட்டார்கள், பின்பலகையும் பக்கங்களும் மட்டும் வேறு வேறு மரம்: பிரேசில் ரோஸ்வுட், நம் ஊர் ஈட்டி, மகாகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட். 52 வாசிப்பாளர்களுக்கு வெல்டிங் கண்ணாடி மாட்டிவிட்டு, மங்கலான வெளிச்சத்தில் வாசிக்கச் சொன்னார்கள். எது எந்த மரம் என்று நிதானமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மதிப்பெண்களிலும் பெரிய வித்தியாசமில்லை. அதற்கும் வெகுகாலம் முன்பு, 1862-இல், ஸ்பெயினின் தோரஸ் மேல்பலகையை மட்டும் நல்ல மரத்தில் வைத்துவிட்டு, மீதி உடம்பைக் காகித அட்டையிலேயே செய்து காட்டினார். (மேல்பலகைக்கு ஊசியிலை மரம் வேண்டும். நம் மாவட்டத்திலும் ஒன்று இருக்கிறது: சாத்தனூரில், 18 மீட்டர் நீளத்துக்கு. என்ன, பல கோடி வருஷம் முன்பே கல்லாகிவிட்டது. நண்பர் ஸ்ப்ரூஸ் பலகையை விலைக்குத்தான் வாங்கினார்.)

இந்தச் சோதனையை வைத்துக்கொண்டு 'எந்த மரமானால் என்ன' என்று சொல்ல நான் வரவில்லை. அங்கே தடிமனும் அளவும் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தன. மூன்றரை மில்லிமீட்டர் ஆச்சாவுக்கு அது பொருந்தாது. ஆனால் ஒன்று தெளிவு. பின்பலகை மரத்தின் பெயருக்காக ஒரு காட்டையே காலி செய்வதற்கு நாதம் ஒரு சாக்கு இல்லை. பிரேசில் ரோஸ்வுட்டும் ஆச்சா மாதிரிதான்: பேரழகு, வெடிக்கும் குணம். மார்ட்டின் நிறுவனம் 1969-இல் அதை விட்டுவிட்டு நம் ஈட்டிக்கு மாறியது. 1992-இல் அந்த மரத்தின் பன்னாட்டு வணிகமே தடையானது. அழுத்தம் எங்கே போகும்? ஈட்டிக்குத்தான். தமிழ்நாட்டில் ஈட்டியைக் காக்க 1994-இலேயே தனிச் சட்டம் போட வேண்டி வந்தது.

அந்தக் கோணத்தில் பார்த்தால் நண்பர் செய்தது மிகச் சரியான வேலை. ஒரு மரமும் வெட்டவில்லை. விறகுக்கடைக்குப் போக இருந்த உத்திரம் அது. பக்கத்தில் அரும்பாவூரில் வாகையிலும் வேம்பிலும் சாமி சிலை செதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கிட்டாரின் தலைப்பகுதியில் இருக்கும் சின்ன யாளி முகம் அங்கே ஒருவர் செதுக்கிக் கொடுத்தது. அவர் விரிசலைப் பார்த்துவிட்டு, "சிலைன்னா அடைச்சுட்டு சாயம் பூசிருவோம். இது கத்துற சாமான் ஆச்சே" என்றாராம். இந்தக் கிட்டாரைப் பற்றி நான் கேட்டதிலேயே உருப்படியான விமர்சனம் அதுதான்.

இப்போது ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் ஈரப் பஞ்சு வைத்து உள்ளே போட்டிருக்கிறேன். விரிசல் ஏறக்குறைய மூடிவிட்டது. இந்த வாரம் உள்பக்கமாக, விரிசலுக்குக் குறுக்கே, நகக்கண் அளவு மரத்துண்டுகள் ஐந்தோ ஆறோ ஒட்டணும். பசை ஃபெவிகாலா வஜ்ஜிரமா என்பதில் மட்டும் எங்களுக்குள் தகராறு. நாளைக்கே திரும்பவும் பிரிக்க வேண்டி வரும் என்பதால் நான் வஜ்ஜிரம் பக்கம். அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் அதே வீட்டின் கைமரங்கள் எட்டு சாத்தியிருக்கின்றன, ஒவ்வொன்றும் நாலங்குல அகலம். நான்கு துண்டுப் பின்பலகைக்கு அந்த அகலம் போதும். பங்குனி வரை அவற்றைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.