பகடை விழும் இடம்

பலகை விளையாட்டுகளில் தேர்ந்தவர்களிடையே நிலவும் ரசனை வேறுபாட்டை, அறிவை விரும்புவோருக்கும் அதிர்ஷ்டத்தை விரும்புவோருக்கும் இடையிலான பிணக்கு என்று சுருக்கிச் சொல்வது வழக்கமாயினும், அது பிழையான விளக்கம். ஏறத்தாழ எல்லா நல்ல விளையாட்டுகளிலும் அதிர்ஷ்டம் உண்டு. அது ஆடுபவர் முடிவெடுப்பதற்கு முன்னே வருகிறதா, பின்னே வருகிறதா என்பதிலும், எதிராளி எவ்வளவு தூரம் நெருங்கி வந்து தாக்கலாம் என்பதிலும்தான் ரசனைகள் பிரிகின்றன. ஜெர்மனியில் வளர்ந்து யூரோ பாணி என்று பெயர்பெற்ற வடிவமைப்பும், அமெரிக்கச் சூழலில் வளர்ந்து 'அமெரிட்ராஷ்', அதாவது அமெரிக்கக் குப்பை, என்று ஏளனமாக அழைக்கப்பட்டு, பின்னர் ரசிகர்களாலேயே பெருமையுடன் ஏற்கப்பட்ட வடிவமைப்பும் இவ்விரு கேள்விகளுக்கும் எதிரெதிரான விடைகளைத் தந்தன.

தாயத்தின் உறவினமான பச்சிசியிலிருந்து உருவாகி 1914 முதல் ஜெர்மானிய வீடுகளில் பரவிய விளையாட்டு ஒன்றின் பெயருக்கு 'மனிதா, சினம் கொள்ளாதே' என்று பொருள். வெட்டுப்பட்ட காய் தொடக்கத்திற்கே திரும்பும்போது எழும் கோபத்தை அந்தப் பெயரே ஒப்புக்கொள்கிறது. பின்னாளைய யூரோ பாணியோ அந்த வெட்டையே பெரும்பாலும் விலக்கிவிட்டது. 1979 முதல் ஜெர்மனியில் ஆண்டுதோறும் வழங்கப்படும் 'ஆண்டின் விளையாட்டு' விருது, தெளிவான விதிகளும் குடும்பத்தோடு ஆடத்தக்க இயல்பும் கொண்ட படைப்புகளை முன்னிறுத்தியது. அவ்விருதை 1995இல் பெற்ற கிளாஸ் டாய்பரின் 'கட்டான்' விளையாட்டில் யாரும் பாதியில் ஆட்டத்தை விட்டு வெளியேற்றப்படுவதில்லை; பின்தங்கியவரும் மரத்தையோ தானியத்தையோ பண்டமாற்றுச் செய்து கடைசிவரை ஆட்டத்தில் பங்குகொள்கிறார்.

பகடையைக் கட்டான் கையாளும் விதம் நுட்பமானது. பத்தொன்பது அறுகோண நிலங்களால் ஆன தீவில், பாலைநிலம் நீங்கலாக ஒவ்வொரு நிலத்திற்கும் ஓர் எண் உண்டு. முறை தொடங்கியதும் இரு பகடைகள் உருட்டப்பட, விழுந்த எண்ணுக்குரிய நிலத்தை ஒட்டிக் குடியிருப்பு வைத்திருப்போர் அனைவரும் விளைச்சல் பெறுகின்றனர். அதன் பிறகே எதைக் கட்டுவது, யாரிடம் எதை மாற்றிக்கொள்வது என்ற யோசனை தொடங்குகிறது. ஆறும் எட்டும் முப்பத்தாறில் ஐந்து வாய்ப்புடையவை, இரண்டும் பன்னிரண்டும் ஒரே ஒரு வாய்ப்புடையவை என்பதை எண்வில்லையில் உள்ள புள்ளிகளே காட்டிவிடுகின்றன. இதற்கு நேர்மாறாக, பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் அல்பேர் லமோரிஸ் உருவாக்கி 1957இல் வெளிவந்த 'ரிஸ்க்' விளையாட்டில், படையைத் திரட்டித் தாக்குவதென்று முடிவெடுத்த பின்னரே பகடை விழுகிறது. முதல் வகையில் அதிர்ஷ்டம் ஒரு கேள்வியை முன்வைக்கிறது; இரண்டாம் வகையில் அதுவே தீர்ப்பு எழுதுகிறது. திட்டமிட்டுக் கட்டி எழுப்புவதில் இன்பம் காண்பவருக்கு அந்தத் தீர்ப்பு அநீதியாகத் தோன்றுகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பகடையைப் பார்க்கும் அந்த நொடிக்காகவே ஆடுபவருக்கோ அது இல்லாத ஆட்டம் கணக்குப் புத்தகமாகத் தோன்றுகிறது.

அமெரிக்க மரபின் சிகரங்களுள் ஒன்றான, 1977இல் வெளிவந்த 'காஸ்மிக் என்கவுன்டர்' இந்த இரண்டாம் ரசனையின் மிக நேர்மையான வடிவம். அதில் ஒவ்வொருவரும் ஏற்கும் வேற்றுக்கோள் இனம் ஆட்டத்தின் விதிகளுள் ஏதேனும் ஒன்றை மீறும் உரிமையோடு வருகிறது. தாக்குபவரும் காப்பவரும் மற்றவர்களைக் கூட்டணிக்கு அழைக்கின்றனர். இருவர் சேர்ந்தே வெற்றிபெறவும் கூடும். சமநிலை என்பது வடிவமைப்பாளர் முன்கூட்டியே அளந்து வைக்கும் பொருளாக இல்லாமல், மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் பேரம்பேசி உண்டாக்கிக்கொள்ளும் பொருளாக இங்கே மாறுகிறது. யூரோ பாணியைப் பழகியவர்கள் குறையென்று கருதும் இத்தளர்ச்சியே இவ்விளையாட்டின் உயிர்.

மறுபுறம், 2007இல் வெளிவந்த ஊவே ரோசன்பெர்க்கின் 'அக்ரிகோலா' யூரோ பாணியின் வலிமையையும் அதன்மீதான முறையீட்டையும் ஒருங்கே காட்டுகிறது. பதினான்கு சுற்றுகளில் ஓர் உழவர் குடும்பத்தை வளர்க்கும் இவ்விளையாட்டில், ஆள் அமர்த்துதல் எனப்படும் முறைப்படி, ஒருவர் தம் காயை வைத்த பணியிடத்தை அச்சுற்றில் வேறு எவரும் பயன்படுத்த முடியாது. ஆறு அறுவடைகளிலும் குடும்பத்திற்கு உணவளிக்க வேண்டும் என்ற கவலை விடாமல் அழுத்துகிறது. எனினும் அடுத்தவர் பண்ணையை எவரும் தொட முடியாததால், கூடி அமர்ந்து தனித்தனியே ஆடுவது என்று இதைக் குறைகூறுவோர் உண்டு. அக்குறையில் பாதியே உண்மை. தேவையான இடத்தை முந்திக்கொண்டு பிடிப்பதில் உள்ள மோதல், ஓசையின்றி நடப்பதால் மட்டும் மென்மையானதாகிவிடாது.

இவ்விரு ரசனைகளும் கைகுலுக்கும் இடமாக, கணித முனைவரான ரைனர் கினிட்சியா 1997இல் அளித்த 'யூப்ரடீஸ் – டைகிரிஸ்' விளையாட்டைச் சொல்லலாம். சதுர வில்லைகளை அடுக்கி அரசுகளை வளர்க்கையில், ஒரே நிறத் தலைவர்களைக் கொண்ட இரு அரசுகள் ஒரு வில்லையால் இணைந்துவிட்டால் போர் மூள்கிறது. அங்கே பகடை இல்லை. பலகையில் உள்ள வலிமையோடு, மறைப்புக்குப் பின்னால் எதிராளி வைத்திருக்கும் வில்லைகளும் சேர்ந்தே வெற்றியைத் தீர்மானிக்கின்றன. பையிலிருந்து வில்லை எடுக்கும் அதிர்ஷ்டம் முடிவுக்கு முன்னே நின்றுவிட, முடிவுக்குப் பின் வரும் நடுக்கம் எதிரே அமர்ந்தவரின் மனத்திலிருந்து பிறக்கிறது. சிவப்பு, நீலம், பச்சை, கருப்பு என நால்வகைப் புள்ளிகளில் எது மிகக் குறைவோ அதுவே இறுதி மதிப்பெண் என்ற விதி, ஒரே வழியில் செல்வம் குவிப்பவரை வீழ்த்திவிடுகிறது. இவ்விளையாட்டின் கதைக்களம் மெலிந்தது என்பவர்கள், ஒற்றை வில்லையால் இரு அரசுகள் சரியும் காட்சியை மேசையில் ஒருமுறை கண்டபின் பேசுவது நல்லது. ஜெர்மானிய மரபு ஈன்ற விளையாட்டுகளுள் போரை இத்தனை செறிவாகச் சொன்னது வேறொன்றில்லை.