சிறை வாயிலும் சிலம்பும்

கோவலன் கொலையுண்ட பகுதியைப் படித்துக் கண் கலங்குவோர் பலர். கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு உரைக்கும் வார்த்திகன் வரலாற்றையோ, கிளைக்கதை எனக் கருதி விரைந்து கடந்துவிடுகின்றனர். இரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால், இளங்கோவடிகள் காட்டும் உண்மை ஒன்று புலனாகும்.

வார்த்திகனின் சிறுமகன், பராசரன் என்பானிடம் அணிகலன்களைப் பரிசாகப் பெற்றான். அது பொறாத அரசு ஏவலர், புதையலைக் கவர்ந்தான் எனப் பழி கூறித் தந்தையைச் சிறையிலிட்டனர். மனைவி கார்த்திகை அழுது புலம்பினாள். ஐயை கோயிற் கதவு திறவாது நின்றது. பாண்டியன் காரணம் வினவித் தவறுணர்ந்தான். வார்த்திகனை விடுவித்து ஊர்களும் வழங்கினான்.

கோவலன் மீதும் பொய்ப்பழியே சுமத்தப்பட்டது. அவன் தோற்றத்தைக் கண்டு, இவன் கள்வன் அல்லன் எனக் காவலர் தயங்கவும் செய்தனர். ஆயினும் பொற்கொல்லன் பேச்சு நீண்டது. கல்லாதான் ஒருவன் வாளை ஓச்சினான். ஐயம் தீருமட்டும் அவனை ஒப்படைக்க அங்கே ஓர் இடமில்லை.

இது அரசரின் வேறுபாடேயன்றிச் சிறையின் வேறுபாடன்று எனச் சிலர் கூறலாம். நெடுஞ்செழியனும் வினவினான், உண்மை உணர்ந்து உயிரும் நீத்தான். ஆனால் அவன் வினவியபோது கோவலன் உயிருடன் இல்லை. வார்த்திகன் இருந்தான். சிறை கொடிது, பிடித்தவர் கையிலேயே விடப்படுவது அதனினும் கொடிது.

கைதானவரை எந்நேரமும் சிறை ஏற்றல் வேண்டும் என்னும் கருத்தின் உயிர்நிலை இதுவே. மாலையில் கதவடைத்த சிறை, காலையில் வருக எனத் திருப்பி அனுப்புமாயின், அவ்விரவு கைதி யார் கையில் இருப்பான்? பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துக என்பது பினாங்கிலும் செல்லும் மலேசிய அரசியலமைப்பின் விதி. இந்திய அரசியலமைப்பும் அவ்வாறே கூறும். அந்த 24 மணி நேரத்துள்ளும் ஓர் இரவு உண்டு.

தமிழ்நாட்டுச் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பெனிக்ஸ் என்னும் தந்தையும் மகனும் 2020 ஜூன் 19 அன்று பிடிக்கப்பட்டனர். மறுநாள்தான் கோவில்பட்டிக் கிளைச் சிறையை அடைந்தனர். ஜூன் 22 இரவு மகனும், 23 காலை தந்தையும் மாண்டனர். இடைப்பட்ட இரவில் காவல் நிலையத்தில் தாக்கப்பட்டனர் என்பதே மத்தியப் புலனாய்வுத் துறை தொடுத்த வழக்கு.

ஆதலின் வாயில் திறந்திருத்தல் மட்டும் போதாது. அவர்களுக்கும் அது மறுநாள் திறக்கவே செய்தது. கொண்டுவரப்பட்ட நேரத்தைப் பொறித்து, உடலை மருத்துவருக்குக் காட்டி, காயமுற்றவனை மருத்துவமனைக்கு அனுப்பும் வாயிலே அடைக்கலமாகும்.

கொலைக்களக் காதையை நடத்தும் ஆசிரியர், வார்த்திகன் வரலாற்றையும் உடன் நடத்துவாராக. கோவலனை ஊழ் கொன்றது என்று எழுதிப் பழகிய மாணவர், அவனை ஒரு நாளேனும் காத்து வைக்க மதுரையில் யாருமில்லையா என்றும் கேட்கத் தொடங்குவர்.