வினைமுற்றும் வினையும்: கற்றற்பேறுகளின் மொழி பற்றிய ஒரு நோக்கு

பாடத்திட்டம் இலக்கிய விமரிசகனின் ஆய்வுக்குரியதன்று என்று கருதுவோர் உளர். ஆயின், அரசொன்று ஒரு தலைமுறையை நோக்கிப் பேசும் பனுவல் அது. அதன் மொழியைப் பரிசீலியாது விடுதல் விமரிசனத்தின் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும்.

2007இல் 6ஆம், 10ஆம் தரங்களில் தொடங்கிய தேர்ச்சிமையக் கலைத்திட்டத்தின் பின்னர், 'இனங்காண்பர்', 'விளக்குவர்', 'ஒப்பிடுவர்' என்னும் வினைமுற்றுகள் நமது ஆசிரியர் வழிகாட்டிகளில் நிறைந்துள்ளன. 'அறிவர்', 'உணர்வர்' என எழுதுதல் ஆகாது, அவை புலனுக்குத் தெரியா என்பது பொதுவான போதனை. இப்போதனைக்கு ஒரு வரலாறு உண்டு. தொழிலாளியின் உழைப்பை அசைவுகளாகப் பிரித்து அளந்த ரெயிலரின் நூல் 1911இல் வெளிவந்தது. பொபிற் அந்நோக்கையே 1918இல் கலைத்திட்டத்துக்குக் கொணர்ந்தார். புளூமின் 1956ஆம் ஆண்டுப் பகுப்பும் பரீட்சகர்களின் தேவையிலிருந்து பிறந்ததே. அதன் ஆறு பெயர்ச்சொற்கள் 2001ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே வினைச்சொற்களாயின.

இதனால் வினைச்சொல்லையே நிராகரித்தல் தவறு. அறிதலை மனிதச் செயற்பாடாகக் காணவேண்டுமென 1845இலேயே மார்க்ஸ் வற்புறுத்தினார். எனவே பிரச்சினை வினைச்சொல்லில் இல்லை; அதிலிருந்து கழிக்கப்பட்டவற்றில் உள்ளது. செய்வோர், கருவி, இடம், தொழில், காலம், செயப்படுபொருள் என வினை உணர்த்தும் ஆறனை நன்னூல் கூறும். நமது கற்றற்பேறுகளோ செய்வோரையும் தொழிலையும் செயப்படுபொருளையும் வைத்துக்கொண்டு, கருவியையும் இடத்தையும் கைவிடுகின்றன. பொருளியல் நிலைமைகள் உறைவது அவ்விரண்டிலுமே! ஆய்வுகூடமற்ற தோட்டப் பாடசாலையிலும், வசதி மிக்க கொழும்புப் பாடசாலையிலும் மாணவர் ஒரே 'பரிசோதிப்பர்' என்னும் சொல்லால் அளக்கப்படுகின்றனர்.

களுபோவிலையையே எடுத்துக்கொள்வோம். 2017இல் இலங்கையில் 180,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். இங்குள்ள போதனா வைத்தியசாலையின் அயலில் வாழும் மாணவி, 'நுளம்பு பெருகும் இடங்களை இனங்காண்க' என்னும் பணிக்கு, சிரட்டை, பூச்சாடி, ரயர் என்று குறிப்புக்கொப்பியைப் பார்த்து எழுதிவிடலாம். தன் ஒழுங்கையில் நடந்து, தேங்கிய நீரை எண்ணி, அடைபட்ட வடிகாலுக்குப் பொறுப்பானோர் யாரென வினவவும் செய்யலாம். வினைச்சொல் ஒன்றே, முதலாவதில் இனங்கண்டவர் குறிப்பைத் தயாரித்த ஆசிரியர், இரண்டாவதில் மாணவி.

இலக்கியப் பாடத்தின் நிலை இதனினும் கவலைக்குரியது. 'ஆராய்க' என்று வினாத்தாள் பணிக்கிறது. வெள்ளவத்தையின் தனியார் வகுப்பு ஒன்றில் ஆராய்ச்சி முன்னரே முடிந்து, பிரதியாக விலைப்படுகிறது. மாணவர் செய்வது ஒப்புவித்தல். அதற்கும் 'ஆராய்ந்தமைக்கான' புள்ளி கிடைத்துவிடுகிறது. உழைப்பு ஒருவருடையது, பேறு இன்னொருவரின் பெயரில் என்பது நமக்குப் பழக்கமான உறவுதான்.

ஆகவே, செயற்பாடொன்றைத் திட்டமிடும் ஆசிரியர் 'விளக்குவர்' என எழுதியபின் நிறுத்தாது, எதைக்கொண்டு, எவ்விடத்து, யாருக்கு என்பவற்றையும் அதே வரியில் எழுதுதல் வேண்டும். எழுதமுடியாதவிடத்து அவ்வெற்றிடத்தை அப்படியே விட்டு, வழிகாட்டியைத் தயாரித்தோருக்கு அனுப்பிவைக்கலாம்.