கேமரா நகராத படம்

தன் ஃபர்னிச்சர் கடைக்குத் தானே தீ வைத்தவர் காலே. இன்சூரன்ஸ் பணம் வேண்டும். மேலெல்லாம் கரியோடு மெட்ரோ ரயிலில் நிற்கிறார். பக்கத்தில் இருக்கும் பயணிகள் ஒவ்வொருவராக வாய் திறந்து சேர்ந்திசை பாடுகிறார்கள். ராய் ஆண்டர்சன் இயக்கி 2000-இல் வெளிவந்த ‘இரண்டாம் மாடியிலிருந்து பாடல்கள்’ என்ற ஸ்வீடன் படம் இது. எனக்குத் தெரிந்து, பணத்தாசையை இவ்வளவு கருணையோடு பார்த்த படம் வேறில்லை.

ஒரு காட்சிக்கு ஒரே ஷாட். ஓரிடம் தவிர கேமரா அசைவதே இல்லை. க்ளோசப்பும் கிடையாது. யாரைப் பார்ப்பது, எதற்குச் சிரிப்பது என்பதை நம்மிடமே விட்டுவிடுகிறார் ஆண்டர்சன். வேலை போன ஒருவர், அலுவலக நடைகூடத்தில் முதலாளியின் காலைக் கட்டிக்கொண்டு தரையில் இழுபட்டபடியே போகிறார். முதலில் சிரிப்புத்தான் வரும். பிறகுதான் கண்ணில் படும், நடைகூடம் நெடுகக் கதவுகளைச் சற்றே திறந்து எட்டிப்பார்க்கும் சக ஊழியர்கள். ஒருவரும் வெளியே வருவதில்லை. க்ளோசப் வைத்திருந்தால் அந்தக் கதவுகள் தெரிந்திருக்காது.

விமான நிலையக் காட்சியைத் தனியே சொல்ல வேண்டும். நாட்டை விட்டுத் தப்பிக்கப் பார்க்கும் கனவான்கள், மலைபோல் பெட்டிகள் குவிந்த தள்ளுவண்டிகளை மூச்சிரைக்கத் தள்ளுகிறார்கள். கவுன்ட்டர் கண்ணெதிரேதான் இருக்கிறது. போய்ச் சேர முடியவில்லை. ஒரு பெட்டியை விட்டுவிட்டால் போதும். எவருக்கும் மனம் வரவில்லை.

காலேக்குக் கடன் கொடுத்து, அது திரும்பி வராமலே தற்கொலை செய்துகொண்டவர் ஸ்வென். கடன் கொடுத்தவர் செத்ததில் காலேக்கு நிம்மதி. அந்த ஸ்வென் இறந்த பிறகும் பின்னாலேயே வருகிறார். பயமுறுத்துவதில்லை, பேசாமல் நிற்கிறார், அவ்வளவுதான். காலேயாக நடித்த லார்ஸ் நூர்ட் தொழில்முறை நடிகர் அல்லர். ஐகியா கடையில் பார்த்துத்தான் ஆண்டர்சன் அவரைத் தேர்ந்தெடுத்தார். அந்தத் தளர்ந்த உடம்பைப் பார்த்தால் காலேயை வெறுக்கத் தோன்றாது.

1975-இல் தன் ‘கிலியாப்’ படம் தோற்றபின் கால் நூற்றாண்டு ஆண்டர்சன் பெரும்பாலும் விளம்பரப் படங்கள் எடுத்தே காலம் தள்ளினார். ஸ்டாக்ஹோமில் சொந்த ஸ்டூடியோவை வளர்த்ததும் அந்த வருமானம்தான். அங்கே செட் போட்டு, தூரத்துக் கட்டடங்களைத் தீட்டி, நான்கு ஆண்டுகள் உழைத்து எடுத்த படத்துக்குக் கான் விழாவில் நடுவர் பரிசு கிடைத்தது.

செல்பேசியில் பார்த்துவிடாதீர்கள். இந்தப் படத்தின் பாதி, சட்டகத்தின் பின்கோடியில் நடக்கிறது.